நடிகருக்காக அழுவது தப்பில்லை. ஊர் வீரரை மறக்காமல் இருக்க என்னென்ன செய்யலாம்

2020 செப்டம்பர் 25, மதியம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் இறந்துவிட்டார் என்று டிவியில் சொன்னதும் எங்கள் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தவர்தான், சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். தாத்தா சாவுக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரவு அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு பார்வர்டு வந்தது. பாடகருக்கும் நடிகருக்கும் அழுகிறீர்களே, எல்லையில் சாகிறவனுக்கு ஒரு சொட்டாவது விட்டீர்களா என்கிற ரகம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாட்டுக் கேட்டுக் கேட்டுத்தான்டா நாங்க அங்க ராத்திரி டியூட்டியையே ஓட்டினோம். இதை எழுதினவனுக்கு எங்களையும் தெரியாது, பாட்டும் தெரியாது" என்றார்.

அதனால் இதை எழுதுகிறேன். ராணுவத்தில் ஆள் இருக்கிற, ஆளை இழந்த ஊர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். வீரர்களை ஊர் மதிக்கவில்லையே என்ற கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்யலாம் என்று பார்த்தும், செய்தும், சில இடங்களில் தப்பாகச் செய்தும் தெரிந்துகொண்டது இவ்வளவு.

முதலில் அந்த பார்வர்டை அனுப்பாதீர்கள்

2020 ஜூன் 14 அன்று மும்பையில் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். மறுநாள் இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் நடந்த கைகலப்பில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். தெலங்கானா சூர்யாபேட்டையைச் சேர்ந்த கர்னல் சந்தோஷ் பாபு, நம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி இருவரும் அதில் அடக்கம். அந்த வாரம் அஞ்சலிகள் குவிந்தன, உண்மை. ஆனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மாதக்கணக்கில் வட இந்தியச் சேனல்களில் ஓடியது எது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நடிகரின் படங்கள், பேட்டிகள், நடனம், சிரிப்பு எல்லாம் அவர்களிடம் மணிக்கணக்கில் இருந்தன. பழனிக்கு இருந்தது சீருடையில் எடுத்த ஒரு போட்டோ. 2021ல் அவருக்கு வீர் சக்ரா அறிவித்தபோதும் அதே போட்டோதான் வந்தது.

நான் பார்த்தவரை விஷயம் இங்கேதான் இருக்கிறது. முகமும் குரலும் பழகிய ஆளுக்குக் கண்ணீர் தானாக வரும். எஸ்.பி.பி. எங்கள் வீட்டில் நாற்பது வருடம் இருந்தார், சமையற்கட்டு ரேடியோவில். பழனியை எங்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் இறந்தது 2014 ஏப்ரல் 25ல். அடுத்த குடியரசு தினத்தில் அசோக சக்ரா கொடுத்தார்கள். ஆனால் 2024 தீபாவளிக்கு அவர் கதையை வைத்து 'அமரன்' படம் வந்த பிறகுதானே ஊர் ஊராக அவருக்காக அழுதோம்? அழுதவர்கள் அதே ஜனங்கள்தான். நடுவில் நடந்தது அறிமுகம். ஆகவே நாம் செய்யவேண்டியதும் அதுதான், நம் ஊர் ஆளை நம் ஊருக்கு அறிமுகம் செய்து வைப்பது. அழுகிறவனைத் திட்டி அது நடக்காது.

இன்னொன்று, குண்டுக் கணக்கு. எஸ்.பி.பி.க்கு 72 குண்டுகள் முழங்க மரியாதை, வீரருக்கு அதில் பாதிகூட இல்லையா என்று கேட்பார்கள். 24 காவலர்கள் ஆளுக்கு மூன்று முறை சுட்டால் 72, அவ்வளவுதான் அந்தக் கணக்கு. அது மாநில அரசு முடிவு செய்து காவல்துறை செலுத்துகிற மரியாதை. ராணுவ மரியாதை வேறு: மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவார்கள், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பார்கள், பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்கிற இறுதி மரியாதை இசையை வாசிப்பார்கள். எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதை வைத்து மரியாதையை அளக்காதீர்கள்.

பெயர், ஊர், தேதி

ஒரு சின்ன சோதனை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் சாவடி மேல் பனி சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19வது பட்டாலியன் இருந்த இடம். 10 பேர் புதைந்துபோனார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்தார்கள், நாடே பிரார்த்தனை செய்தது, 11ஆம் தேதி டெல்லியில் இறந்தார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். மீதி ஒன்பது பேரில் நான்கு பேர் தமிழ்நாடு: வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டத்து குமார், மதுரை மாவட்டத்து கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து ராமமூர்த்தி. நானும் பல வருடம் கழித்துத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். வீரர்களுக்குள்ளேயே கதை உள்ளவர் ஒருவர் நினைவில் நிற்கிறார், மற்றவர்கள் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க முதலில் வயசானவர்களைக் கேளுங்கள். டீக்கடையில் கேட்டால் 1971, 1965, சில ஊரில் அதற்கும் முந்தைய போர் வரை போகும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அந்த மாதிரி ஊர் என்றால் ஒரு மதியம் போதாது. அடுத்தது மாவட்டத் தலைநகரில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரும் ஊரும் சொல்லி, இன்ன காரணத்துக்காக என்று ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள், வெறும் கையோடு போய் நின்றால் அவர்களுக்கும் புரியாது. குடும்பத்தின் முகவரி, போன் நம்பர் கேட்காதீர்கள். "நாங்கள் இன்னார், பார்க்க விரும்புகிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்" என்று உங்கள் நம்பரை விட்டுவிட்டு வாருங்கள்.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்ட முப்படை வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. அவர்கள் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இங்கே ஒரு குழப்பம் வரும். புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று இறந்த 40 பேரில் நம்மவர் இருவர், தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன். அவர்களை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அவர்கள் இருந்த சிஆர்பிஎஃப் துணை ராணுவம், முப்படையில் சேராது, உள்துறையின் கீழ் வருவது. அவர்களுக்கான இடம் சாணக்கியபுரியில் உள்ள தேசியக் காவலர் நினைவிடம், நினைவு நாள் அக்டோபர் 21. 1959ல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு 10 காவலர்கள் இறந்ததால் வந்த நாள் அது. பெயர் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், எந்தப் படை என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

உடல் ஊருக்கு வரும் நாள்

இதைப் பற்றி எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஊர் அதிகமாகத் தடுமாறுவது இந்த ஒரு நாளில்தான்.

விமான நிலையத்திலிருந்து ராணுவ வண்டியில் வருவார்கள். பாதை, இடம், தண்ணீர், நிழல், இதெல்லாம் ஊர் பார்க்க வேண்டியது. பெட்டியை என்ன செய்வது என்பது கூட வந்த வீரர்கள் பார்க்க வேண்டியது. சில சமயம் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கும். "எங்க புள்ள முகத்தைக் காட்ட மாட்டீங்களா" என்று பெற்றவள் கேட்கலாம், கூட்டம் கேட்கக்கூடாது. அவளிடம் பேச சொந்தத்தில் நிதானமான ஒருவரை வையுங்கள்.

தேசியக் கொடி பெட்டியின் மேல் காவி நிறம் தலைமாட்டில் வரும்படி இருக்கும். கொடியைக் குழிக்குள் இறக்கக்கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுப்பார்கள். ஆர்வத்தில் நாமாகக் கடையில் கொடி வாங்கி மேலே போர்த்துவது, கட்சித் துண்டை மாலையோடு சேர்த்துப் போடுவது, இரண்டும் வேண்டாம். அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம் தவிர மற்றபடி கொடியைப் போர்த்துவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. 2018ல் ஸ்ரீதேவிக்கு மூவர்ணக்கொடி போர்த்தியபோது எழுந்த சண்டை நினைவிருக்கும். மாநில அரசு மரியாதை அறிவித்ததால் விதிப்படி அது சரி. கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்பது வேறு கேள்வி, அதை அரசாங்கத்திடம் கேட்கலாம், இறந்தவரின் பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது.

போனை பாக்கெட்டில் வையுங்கள். மனைவி மயங்கி விழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் அது பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளையின் போனுக்குத் திரும்பி வரும். இதையெல்லாம்விட முக்கியமானது, பெரியவர்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நிற்கும்போது வீட்டுக் குழந்தைகள் காலையிலிருந்து சாப்பிட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். நான்கு வயசுக் குழந்தை பக்கத்து வீட்டுத் திண்ணையில் வெறும் பிஸ்கட் கவரை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அது போதும்.

பதினாறாம் நாளுக்கு அப்புறம்

அமைச்சர் வந்தார், ஆட்சியர் வந்தார், பேனர் கட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் தன் வேலைக்குப் போய்விடும். நம் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு, அவர்கள் மகன் இறந்து இரண்டு வருடம் கழித்துப் போனேன். அதுவரை போகவில்லை என்பது எனக்குக் குற்றவுணர்வு. என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்தார்கள். மூடியில் வெள்ளை பெயின்டில் பெயரும் நம்பரும். உள்ளே இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ், ஷேவிங் செட், ஒரு மெமரி கார்டு. "அதுல பூரா பாட்டுதான் தம்பி, எஸ்.பி.பி. பாட்டு" என்றார்கள். அப்புறம் சாக்ஸுக்கு அடியில் இருந்து ஒரு கவரை எடுத்து, "இதை மட்டும் என்னன்னு பாத்துச் சொல்றியா" என்று நீட்டினார்கள். வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கிற ராணுவ ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்தது, இங்கிலீஷும் இந்தியும். பேரப்பிள்ளையின் படிப்பு உதவித்தொகைக்குப் பள்ளியில் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தது. வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது, "படிக்காத கடிதம் ஏதாவது இருக்கா?" என்பது. வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சா, பெயர் ஆதாரிலும் வங்கியிலும் ராணுவப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் கணக்கு வேலை செய்கிறதா, வருடாவருடம் கொடுக்கவேண்டிய வாழ்நாள் சான்றிதழைக் கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க ஓர் ஆள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆதார், பாஸ்புக்கை போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஓடிபி கேட்காதீர்கள். உதவுகிறேன் என்று வந்து ஏமாற்றியவர்களை அவர்கள் ஏற்கனவே பார்த்திருப்பார்கள்.

"தியாகி" என்ற சொல்லில் பலர் நின்றுவிடுகிறோம். ராணுவத்தில் அதிகாரபூர்வமாக அப்படி ஒரு வகை கிடையாது, நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் போர் இழப்பா, வேறு இழப்பா என்பதுதான் கேள்வி, குடும்பத்தின் சோறும் அதில்தான் இருக்கிறது. போர் இழப்பு என்றால் குடும்ப ஓய்வூதியமாகக் கடைசிச் சம்பளத்துக்கு ஈடான தொகை. பணியின் காரணமாக நேர்ந்த சாவு என்றால் அதில் 60 சதவீதம். அதுவும் இல்லை என்றால் பொதுவாக 30. எந்த வகையில் போட்டிருக்கிறார்கள், அதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லுங்கள். தப்பு இருப்பதாகத் தோன்றினால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்களாக வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். பல வீடுகளில் மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் அந்தப் பணம் வந்து நிற்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். இவள் இருபத்தைந்து வயசில் தனியாக நிற்கிறாள், அவர்கள் ஒரே பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நீதிபதியாக உட்காராதீர்கள். அவள் மறுமணம் செய்துகொண்டால் ஊர் வாயை அடக்குவதும் வீரருக்குச் செய்கிற மரியாதையில் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்கள் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இறந்தார், பரம்வீர் சக்ரா பெற்ற தமிழர். ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்தார், தமிழ்நாடே ஸ்தம்பித்தது. அந்தப் படையில் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள், 1990ல் திரும்பி வந்தபோது சென்னையில் வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வரே சொன்ன அளவுக்கு இங்கே மனக்கசப்பு இருந்தது. அந்தக் கசப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு, ஈழத்தில் அந்தப் படையால் செத்தவர்களின் வீடுகளும் இருக்கின்றன. அதை எழுதலாம், மேடையில் பேசலாம். ஆனால் முப்பத்தைந்து வருடமாக ஒரு போட்டோவுக்குப் பூ வைக்கிற அம்மாவின் வீட்டுக் கூடத்தில் அந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள்.

பணம் கொடுக்க நினைத்தால்

துணை ராணுவக் குடும்பங்களுக்கு 'பாரத் கே வீர்' இணையதளம் இருக்கிறது, 2017ல் உள்துறை தொடங்கியது. யோசனை சொன்னது நடிகர் அக்ஷய் குமார், அதையும் நினைவில் வையுங்கள். ஒரு வீரரின் பெயரில் 15 லட்சம் வரை சேரும், அதற்கு மேல் போனால் வேறு வீரரின் பெயருக்கோ பொதுநிதிக்கோ கொடுக்கலாம். முப்படை என்றால் டிசம்பர் 7 கொடிநாள் நிதி, ஆட்சியர் அலுவலகம் வழியாகவே கட்டலாம். கூகுள் பேயில் யாரோ அனுப்புகிற க்யூஆர் கோடுக்குப் போடாதீர்கள்.

கல் வைப்பது

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் கல். பெயர், ஊர், எதில் செத்தான். 2,000 வருடம் தாண்டி இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்கிறோம். அப்படிக் கல் எடுப்பதற்குத் தொல்காப்பியத்தில் முறையே இருக்கிறது, கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து என்று ஆறு படி. நம் ஆட்களுக்கு இது புதிய பழக்கம் கிடையாது, விட்டுப்போன பழக்கம்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், ஆறு மாத வெயிலில் முகம் வெளுத்துவிடும், மகனின் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த அம்மா தினமும் பஸ் ஏறுவார்கள். முதலில் குடும்பத்தின் சம்மதம் வாங்குங்கள். பிறகு கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு வாய்ப்பு. பொது இடத்தில் தீர்மானம் இல்லாமல் வைத்தால் பிறகு எவனாவது சண்டைக்கு வருவான், சாதிப் பிரச்சினையாகவும் ஆகும். படித்த பள்ளி வளாகம் என்றால் இன்னும் நல்லது, அதற்குப் பள்ளிக்கல்வித் துறை அனுமதி தனி.

கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு, பிறந்த தேதி, இறந்த தேதி, இறந்த இடம். அவ்வளவு போதும். உபயம் செய்தவர் பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால் பின்பக்கம் போடுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் பார்க்க, செதுக்குவதற்கு முன் குடும்பத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு இடத்தில் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டோம், அந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கல்லைத் தொட்டுப் பார்க்கும்போது விரல் அந்த எழுத்தில் நின்றது. மறுபடி வேறு கல் அடித்தோம்.

திருச்சி கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. 1999 மே 29 அன்று கார்கிலின் பட்டாலிக் பகுதியில் இறந்தார், உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மே 29 வந்தால் இன்றும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் குழந்தையோடு ஒரு தரம் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வருட நாள்

இறந்த தேதியை போன் காலண்டரில் வருடாவருடம் வருகிற மாதிரி போட்டுவையுங்கள். பிறந்த நாளையும் கேட்டுப் போடுங்கள், அன்றைக்குத்தான் வீட்டில் இன்னும் கஷ்டமாக இருக்கும். ஸ்டேட்டஸ் போடுவது உங்கள் இஷ்டம். போன் மட்டும் பண்ணிவிடுங்கள், காலை பத்து மணிக்கு மேல், படையல் போட்டு முடித்திருப்பார்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. "அம்மா, இன்னைக்கு அண்ணன் நாள், ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. வைத்துவிடாதீர்கள். போன வருடம் எனக்கு அப்படி ஒரு நிமிடம் போனது, அப்புறம் அந்த அம்மா, "இன்னைக்குக் கத்திரிக்காய் பொரியல் வெச்சேன் தம்பி, அவனுக்குப் புடிக்காது, ஆனா மார்க்கெட்ல அதான் கிடைச்சுது" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினார்கள்.